கடைசி வரி தெரியுதா?

டயாலிசிஸ் மையங்களில் வேலை பார்க்கும் நர்ஸுகள் அவளுக்கு வைத்த பெயர் ‘தெரியுதா அக்கா’. மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களின் விவரங்களைப் பெரிய ஆஸ்பத்திரியில் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. அந்த விவரங்களைத் திறக்கும் சாஃப்ட்வேர் அவள் மெஷினிலும் பெரிய டாக்டரின் மெஷினிலும் மட்டும்தான் உண்டு. ஊரெங்கும் சிதறிக் கிடக்கும் சின்ன மையங்களுக்கு அதை வாங்கித் தர மேலிடத்தில் யாருக்கும் மனசில்லை. ஆனால் மாதாமாதம் பட்டியல் மட்டும் போய்ச் சேர்ந்தாக வேண்டுமாம்!

முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் ஃபைலை அப்படியே அனுப்பிவிடுவார். திறக்கவில்லையே என்று நர்ஸுகள் போனில் புலம்பினால், அது உங்க தலையெழுத்து என்பார். இவள் வந்ததும் முதல் வேலையாக அதை மாற்றினாள். ரத்த வகைக்கு ஒரு பக்கம், மேலே தலைப்பு, சுற்றிலும் கட்டம் என்று ரிப்போர்ட்டைப் பார்த்துப் பார்த்து அமைத்து, எந்த ஓட்டைக் கணினியிலும், ஏன், போனிலும்கூடத் திறக்கும் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினாள்.

“அவங்ககிட்ட சாஃப்ட்வேர் இல்லாதது அவங்க தப்பா?” என்பாள்.

அதிலும் ஒரு தொல்லை இருந்தது. பேப்பர் அளவு மாறிப்போனால் பக்கத்தின் அடியில் இருக்கும் வரி வெட்டுப்பட்டுவிடும். ஒரு வரி என்றால் ஓர் ஆள். அதனால் அனுப்பிய கையோடு ஒவ்வொரு மையத்துக்கும் போன் போடுவாள். “திறந்துச்சா? கடைசி வரி தெரியுதா?”

அந்தக் கடைசி வரியில் இருந்தவன் அவளுடைய தம்பி.

அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. தன்னுடையதைத் தருகிறேன் என்று போய் நின்றாள், ரத்தம் ஒத்துவரவில்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியிருந்தவன் அவன் ஒருவன்தான். அவனோடும் ஒத்துவரவில்லை என்றால் அந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது? பட்டியலில் பெயர் வராது, எண்தான் வரும். தன் ரத்த வகையில் கடைசியாகச் சேர்ந்தவன் அவன். டயாலிசிஸ் மையத்தில் கையில் ஊசியோடு படுத்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் ஒட்டிய பக்கத்தின் அடியில் தன் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருமுறை அது வெட்டுப்பட்டபோது அவனே கூப்பிட்டான்.

“என்னக்கா, நான் உயிரோட இருக்கறப்பவே என்னைத் தூக்கிட்டியா?”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இந்த மாத ரிப்போர்ட்டைத் திறந்தபோது அடியில் அவன் எண் இல்லை. சனியனே, மறுபடியுமா என்று மெஷினைத் திட்டினாள். பேப்பர் அளவைப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. ஓரத்தைக் குறைத்தாள், எழுத்தைச் சிறிதாக்கினாள். அடியில் வெற்றிடம்தான் வளர்ந்தது. தன் ரிப்போர்ட் தப்பாக இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். சாஃப்ட்வேருக்குள் போய் மூல விவரங்களில் அவன் எண்ணைத் தேடினாள். இருந்தது. எதிரே, ‘அறுவைச் சிகிச்சைக்குத் தகுதி இல்லை’ என்று பெரிய டாக்டர் பதிந்திருந்தார். தகுதி இல்லாதவர்கள் ரிப்போர்ட்டில் வர மாட்டார்கள். அப்படி அமைத்தவளே அவள்தான்.

அவள் முகத்தைப் பார்த்ததும் பெரிய டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“இதயம் ரொம்ப பலவீனமா இருக்கும்மா. மயக்க மருந்தையே தாங்காது. உங்களைக் கூப்பிட்டுச் சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“இன்னொரு தடவை பார்க்கக் கூடாதா சார்?”

“எல்லாரும் உக்காந்து பார்த்துட்டோம். அவர்கிட்ட நான் சொல்லட்டுமா?”

“வேணாம் சார். நானே சொல்றேன்.”

ரிப்போர்ட் அன்றைக்கே போயாக வேண்டும். ஓர் எண்ணைக் கையால் சேர்ப்பது அவளுக்கு ஒரு வேலையே இல்லை. விரல் கீபோர்டு வரை போய்விட்டது. ஆனால் அந்தப் பொய்யைப் பார்த்துக்கொண்டே அவன் மாதாமாதம் காத்திருப்பானே, கூடப் பிறந்தவள் செய்கிற காரியமா அது? கையை எடுத்துக்கொண்டாள். மற்ற மையங்களுக்கெல்லாம் அனுப்பினாள். தம்பியின் மையத்துக்கு மட்டும் அனுப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு தன் வாயால் சொல்ல வேண்டும், சுவரைப் பார்த்து அவன் தெரிந்துகொள்ளக் கூடாது என்று பஸ் ஏறினாள். அன்று ஒருவருக்கும் போன் போட்டு எதுவும் கேட்கவில்லை.

பாதி வழியில் போன் அடித்தது. தம்பி.

“அக்கா, உன் பேப்பர் இன்னும் வரலைன்னு நர்ஸம்மா பக்கத்து சென்டர்ல சொல்லி போன்லயே வாங்கிட்டாங்க. தொட்டதும் திறந்துடுச்சு.”

யார் கையிலும் திறக்கும்படி செய்ததே அவள்தானே.

“ஆனா பாரு, கடைசி வரி மறுபடியும் வெட்டுப்பட்டிருக்கு. என் நம்பரைக் காணோம். நீ வேற இன்னிக்கு கூப்பிட்டுக் கேக்கல, அதான் நானே கூப்பிட்டேன். நீ சரி பண்ணி அனுப்பற வரைக்கும் பழைய பேப்பரே சுவத்துல இருக்கட்டும்னு நர்ஸம்மாகிட்ட சொல்லியிருக்கேன்.”

“நான் அங்கதான் வந்துட்டிருக்கேன்டா.”

“இதுக்குப் போய் நேர்ல வருவாங்களா?” என்று அவன் சிரித்தான். “அங்க இருந்தே அனுப்பினா போதாதா?”