நீல அடாப்டரும் சத்யாவின் காவடி விளக்கும்

கெலுகோரில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையொன்றில் நேற்று ஈயம் உருகும் வாசம் அடித்தது. கண்ணாடி மாற்றப் போனவன், எதற்குப் போனேன் என்பதையே மறந்து நின்றேன். சத்யா ஞாபகத்துக்கு வந்துவிட்டான்.

பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில், இதே ஈய வாசத்தில், எனக்கும் அவனுக்கும் ஒரே சோதனை மேசை. அங்கிருந்த பழைய இயந்திரத்தைக் கணினியோடு இணைக்க நீல நிற யூஎஸ்பி அடாப்டர் ஒன்று உண்டு. அதே மாதிரி என்னிடமும் ஒன்று. அதற்குள் இருக்கும் சில்லு, அட, தனியாக ஒரு குட்டிக் கணினி! அதிலிருந்த நிரலைக் கேபிள் வழியாகவே அழித்துவிட்டு, விளக்குகளை ஓடவிடும் என் நிரலை ஏற்றினேன். தைப்பூசத்துக்குச் சத்யா காவடி எடுக்கிறான், விளக்கு என் பொறுப்பு. பெரிய விஞ்ஞானி என்று நினைப்பு எனக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை மேசை அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, என்னுடையதைச் செருகி விளக்கை ஓடவிட்டுக் காட்டினேன். "மச்சான், செம்ம லா!" என்று குதித்தான். வீட்டுக்கு எடுத்து வந்தால் விளக்கு எரியவே இல்லை. நிரலில்தான் கோளாறு என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, மறுபடி அழித்து மறுபடி ஏற்றினேன். எரிந்தது. ஏன் எரிந்தது என்றும் புரியவில்லை.

திங்களன்று மேசையில் இயந்திரம் அசையவில்லை. வேலை நின்றது. "சத்யா, மேசை ஒன் பொறுப்புதானே? யாரு தொட்டா?" என்றார் மேற்பார்வையாளர் சாந்தி அக்கா.

அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். "யாரும் தொடலக்கா."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னுடையதை மேசையில் விட்டுவிட்டு, தொழிற்சாலை அடாப்டரை வீட்டுக்குக் கொண்டுபோய் அதையும் அழித்திருக்கிறேன்! வாயைத் திறக்கவில்லை நான். டெக்னீஷியன் வேலை நிரந்தரமாகும் என்று காத்திருந்த சத்யாவைப் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

தெரிந்தேதான் என்னைக் காப்பாற்றினானா, இல்லை வெள்ளிக்கிழமை நடந்ததை மறந்தே போனானா? தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலில் தோளைச் சுற்றி விளக்குகள் ஓட வந்தவன், "லைட்டு பிரமாதம்டா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்கும் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, அது மட்டும் நிச்சயம்.

பிறகு அவன் ஜொகூர் போய்விட்டான். எங்கள் சோதனைப் பிரிவையே மூடிவிட்டார்கள், சாந்தி அக்காவும் எங்கே என்று தெரியாது. நேற்று சாயங்காலம் சத்யாவின் பழைய எண்ணை அழைத்தேன். யாரோ ஒரு மலாய்ப் பெண் எடுத்து, தவறான எண் என்றார். இத்தனை வருடம் அவனிடம் கேட்காத மன்னிப்பை அவரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டு வைத்தேன்.