எங்கள் தெருவில் விழுந்த எதிர் ஓட்டு

சில வருடங்களுக்கு முன்பு, உள்ளாட்சித் தேர்தல் முடிந்து ஓட்டு எண்ணிய சமயம். தை பிறக்கக் கொஞ்ச நாள்தான் இருந்தது. விளாத்திகுளம் புதூர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் அப்போது குடியிருந்தோம். அந்த ஊருக்கு நான் வாக்கப்பட்டு வந்தவள். பிறந்தது கோவில்பட்டி.

கோவில்பட்டியில் எங்கள் தெரு முழுக்கத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற குடும்பங்கள். அப்பா தொழிற்சங்கத்தில் இருந்தார். எல்லா வீடும் ஒரே கட்சி. என் முதல் ஓட்டை அவர்கள் சொன்ன சின்னத்துக்குத்தான் போட்டேன். வேறு ஒன்றுக்குப் போடலாம் என்ற நினைப்பே வரவில்லை. கல்யாணமாகிப் போன ஊரில் எங்கள் தெரு முழுக்க விவசாயம் பார்க்கிற சம்சாரிகள், ஒருவருக்கொருவர் சொந்தம். அங்கே எல்லாரும் நேர் எதிர்க்கட்சி. மாறு என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. களை எடுக்கும்போது அந்தப் பேச்சு, விசேஷ வீட்டில் அந்தப் பேச்சு. நாலைந்து வருடத்தில், என் அப்பா தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய தலைவர் டிவியில் வந்தால் எனக்கே எரிச்சல் வந்தது. அந்த எரிச்சல் நடிப்பு இல்லை. நிஜமாகவே வந்தது.

அந்தத் தேர்தலில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு எங்கள் தெருவிலிருந்து என் கணவரின் பெரியப்பா மகன் நின்றார். ஏற்கெனவே ஒரு தடவை தலைவராக இருந்தவர். அந்தப் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. ஆனாலும் யார் எந்தக் கட்சி என்று ஊருக்கே தெரியும். அவரை எதிர்த்து நின்றவர் கண்மாய்க்கு அந்தப் பக்கத் தெரு. என் அப்பாவின் கட்சி. தெரு என்றால் இங்கே வெறும் தெரு இல்லை. சாதி, சொந்தம், கோயில் எல்லாம் அதற்குள் அடக்கம். அந்தப் பக்கம் ஆட்கள் அதிகம். எங்கள் ஆள் நல்ல வித்தியாசத்தில் தோற்றார்.

தோற்றதைக்கூட எங்கள் தெரு தாங்கிக்கொண்டது. எண்ணுகிற இடத்தில் இருந்த ஏஜென்ட் வந்து சொன்ன இன்னொரு விஷயத்தைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் தெரு தனி வார்டு. அதில் விழுந்த ஓட்டெல்லாம் எங்கள் ஆளுக்கு. கொஞ்சம் செல்லாத ஓட்டு. எதிராளிக்கு ஒன்றே ஒன்று.

“யாருலே அவ?” என்றுதான் முதல் கேள்வியே வந்தது. ‘அவன்’ என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அம்மன் கோயில் முன்னால் தெருவே கூடியது. ஓட்டு உள்ள எல்லாரும் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று முடிவானது. ரகசியமாகப் போடுகிற ஓட்டுக்கு எதற்குச் சத்தியம் என்று கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை. நானும் கேட்கவில்லை. நான்தான் போடவில்லையே, எனக்கென்ன பயம் என்று தைரியமாகப் போய் அடித்து அணைத்தேன். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் அணைத்தார்கள். தோற்ற வேட்பாளர், அவர் மனைவி, கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாதவர்கள்கூட ஆள் தாங்கிப் பிடிக்க வந்து அணைத்தார்கள்.

எல்லாரும் சத்தியம் செய்த பிறகும் அந்த ஓட்டு அப்படியே இருந்தது. கூட்டத்தில் ஒருவர் மெதுவாக, “கோயில்பட்டித் தண்ணி குடிச்ச ஒடம்புல்லா” என்றார். யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர், “நீ போடலைன்னு எனக்குத் தெரியும்ட்டி. ஆனா ஊரு நம்பணும்லா” என்றார். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது.

யாரும் எங்களைத் தள்ளி வைக்கவில்லை. சண்டைக்கும் வரவில்லை. குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கும். பொங்கலுக்கு எந்த வீட்டிலிருந்தும் எங்களுக்குக் கரும்பு வரவில்லை. எங்கள் நிலத்தில் மிளகாய் பழுத்து நின்றது. எங்கள் தெருவில் பழம் பறிக்க ஒருவர் காட்டுக்கு இன்னொருவர் போவது வழக்கம். நான் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். எல்லாரும், “நாளைக்கு வாரேன்” என்றார்கள். அந்த நாளை வரவே இல்லை. நானும் அவரும் மட்டும் விடிந்ததிலிருந்து குனிந்து பறித்தோம். பாதிக்காடு பறிப்பதற்குள் காலம் தப்பிய மழை ஒன்று அடித்தது. கரிசல் மண் காலைப் பிடித்து இழுக்க, செடியிலேயே பழம் அழுகி வெளுத்தது. அந்த வருடத்து வெள்ளாமை அவ்வளவுதான்.

அந்த மழைக்கு அப்புறம் ஒரு உச்சிவேளையில், நான் தனியாகக் காட்டில் நல்ல பழமாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தோற்ற வேட்பாளரின் மனைவி வரப்பில் நடந்து வந்தார். எனக்கு ஓரகத்தி முறை. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எனக்குப் பக்கத்து நிரையில் குனிந்து பறிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, நிமிராமலே சொன்னார்.

“ஏட்டி, அந்த ஓட்டு நான் போட்டது.”

நான் பறிப்பதை நிறுத்தினேன்.

“அவிய தலைவரா இருந்த அஞ்சு வருசமும் ஊருக்கு நல்லாத்தான் இருந்துது. வீட்டுக்குள்ள வந்தா அடி. யார்ட்டப் போய்ச் சொல்ல? ஊர்ல பஞ்சாயத்துன்னா அங்கயும் அவியதான் இருக்காவ. ஸ்டேசனுக்குப் போனா அவியளுக்கு நாற்காலி போடுதாவ. ஓட்டுப் போடுத மறைப்புக்குள்ள போனதும், அந்த ஒரு நிமிசம் என்னைய யாருமே பாக்கல. கையி தானாப் போயிட்டு.”

“சத்தியம் பண்ணுனீயளே அக்கா” என்றேன்.

“சாமிகிட்ட தனியாப் பேசிக்கிட்டேன். மனுசங்ககிட்டதான் பேச முடியல.”

“இப்பம் அடிக்கலையா?”

“அடிக்கத்தான் செய்யுதாவ. ஆனா தோத்த பெறகு இப்பம் நான் கத்துனா யாராவது வந்து கதவத் தட்டுதாவ.”

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ வாயத் தெறந்தா நான் செத்தேன்.” அவர் கையில் மிளகாய்க் காந்தல். என் கையிலும்தான்.

நான் வாய் திறக்கவில்லை. என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. என் மேல் விழுந்த பழி என் மேலேயே இருந்தது. அந்தக் கோடையிலேயே நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கோவில்பட்டிக்கு வந்து வாடகை வீடு பார்த்தோம். அவர் ஒரு மோட்டார் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அடுத்து வந்த சட்டமன்றத் தேர்தலில்தான் என் லட்சணம் எனக்கே தெரிந்தது. இந்தத் தடவை யார் பேச்சும் வேண்டாம், என் மனசுக்குப் பட்டதற்குத்தான் போடுவேன் என்று உறுதியாகப் போனேன். மறைப்புக்குள் மிஷின் முன்னால் நின்றேன். அக்கா சொன்ன மாதிரி என்னை யாருமே பார்க்கவில்லை. என் மனசில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். அப்பா பேசியது இருந்தது. புருஷன் ஊரில் களை எடுக்கையில் கேட்டது இருந்தது. குடி வந்த புதுத் தெருவில், காய்கறி வண்டிக்காரர் முன்னால் பெண்கள் பேசிக்கொண்டது இருந்தது. என்னுடையது என்று எடுக்க ஒன்றும் இல்லை. வெளியே வரிசையில் நிற்பவர்கள் காத்திருக்கிறார்களே என்று அவசரமாகப் புதுத் தெரு சொன்னதை அழுத்திவிட்டு வந்தேன். செய்யாத துணிச்சலுக்காக ஒரு ஊரே என்னை ஒதுக்கியதே, அந்தத் துணிச்சலுக்கு நான் லாயக்கில்லாதவள் என்று நினைத்தபோது அன்றைக்கு வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கவே மனசு வரவில்லை.

போன வருடம் அக்கா இறந்துவிட்டார். அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன். மாரடைப்பு என்றார்கள். நான் எதுவும் கேட்கவில்லை. சாவு வீட்டுக்குத் துட்டிக்குப் போனபோது தெருவில் எல்லாரும் என்னிடம் நன்றாகவே பேசினார்கள். அந்த ஓட்டுப் பேச்சே யாருக்கும் நினைப்பில் இல்லை. தூக்குவதற்கு முன்னால் விளாத்திகுளத்திலிருந்து கட்சிக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். அக்காவின் மேல் கட்சிக்கொடியை விரித்துப் போர்த்தினார்கள். ஒருவர் மைக் பிடித்து, கடைசி மூச்சு வரை கட்சி மாறாத குடும்பம், இந்தத் தெருவே நமது கோட்டை என்று பேசினார். அக்காவின் கணவர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்த அழுகையும் பொய் மாதிரித் தெரியவில்லை.

கொடிக்கு அடியில் கிடந்தவரைப் பற்றி அங்கே எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நானும் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன். இப்போதும் யாராவது “எங்க ஏரியாவே நம்ம கட்சிதான்” என்று பெருமையாகச் சொன்னால், அந்த ஏரியாவுக்குள் வாய் திறக்க முடியாமல் எத்தனை பேர் இருப்பார்களோ என்று நினைத்துக்கொள்கிறேன். அவர்களில் ஒருத்தியாகக்கூட நான் இல்லையே என்பதுதான் அதைவிட அதிகமாகக் கனக்கிறது.