புகைக்கு நடுவே ஜமீலா டீச்சர் எழுதித் தந்த வரிகள்

ஜமீலா டீச்சர் இறந்துவிட்டார் என்று போன வியாழக்கிழமை காலை அவருடைய மகள் போனில் சொன்னாள். நான் கம்பெனியில் தையல் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன். மெஷின் சத்தத்தில் காதில் சரியாக விழவில்லை. "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றேன். அந்தப் பெண் மறுபடியும் சொன்னாள். தாயின் சாவை ஒரு மகளை இரண்டு முறை சொல்லவைத்துவிட்டேன் என்ற கூச்சம் இன்னும் போகவில்லை. மாலைக்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பள்ளிவாசல் தெருமுனையில் பழைய மாணவர்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றோம். பேசிக்கொண்டதெல்லாம் ஒரே ஒரு சனிக்கிழமையைப் பற்றித்தான். வர முடியாதவர்களுக்காகவும், அந்தச் சனிக்கிழமையைப் பாதி மட்டும் தெரிந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

டீச்சர் எங்களுக்கு வேதியியல் எடுத்தவர். கூடைப்பந்தைக் கையில் தொட்டதுகூடக் கிடையாது. எண்பதுகளின் கடைசியில் ஒரு போட்டியின்போது, நடுவர் வேலையையும் மைக் வேலையையும் சேர்த்துச் செய்ய முடியாது என்று உடற்பயிற்சி ஆசிரியர் பொன்னுசாமி சார் கைவிரித்தார். தலைமை ஆசிரியர் வர்ணனையை டீச்சர் தலையில் கட்டிவிட்டார். டீச்சர் விதிப்புத்தகம் ஒன்றை வாங்கி ஒரே வாரத்தில் படித்து முடித்தார். ஆனால் மைக்கை மட்டும் அவர் தொடவில்லை. மாணவர்களில் ஆறு பேரைப் பொறுக்கி எங்களைப் பேசவைத்தார். "எனக்கு மைக்கப் பார்த்தாலே பயம் கண்ணு. அதனாலதான் உங்களப் புடிச்சிருக்கேன்" என்பார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நாங்கள் சிரித்தோம்.

நான் மங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து படித்தவள். வகுப்பில் எழுந்து பதில் சொல்லவே நடுங்குவேன். முதல் ஆட்டத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து "வணக்கம்" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. என் மூச்சு மட்டும் நான்கு குழாய் ஒலிபெருக்கியிலும் புஸ் புஸ்ஸென்று கேட்டது. மைதானமே சிரித்தது. எழுந்து ஓடப் பார்த்தேன். பக்கத்திலிருந்த டீச்சர் ஒரு துண்டுச்சீட்டை என் முன்னால் தள்ளினார். 'ஏழாம் எண் பந்தை வைத்திருக்கிறாள்.' படித்தேன். அடுத்த சீட்டு வந்தது. பாதி ஆட்டம்வரை அவர் எழுத எழுத நான் படித்தேன். அதற்குப் பிறகு சீட்டு வரவில்லை. நான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

ஒலிபெருக்கிகளில் இரண்டைத் தெருப்பக்கம் திருப்பிவைக்கச் சொன்னவர் அவர்தான். சுற்றிலும் பனியன் கம்பெனிகள். "கேலரில இருக்கறவங்களுக்குக் கண்ணு இருக்குது, பார்த்துக்குவாங்க. நீங்க செவுத்துக்கு அந்தப் பக்கம் மெஷின்ல உக்காந்திருக்கறவங்களுக்குச் சொல்லுங்க" என்பார். மறுநாள் பஸ்ஸில் ஒரு தையல்கார அக்கா, "ஏங்கண்ணு, நேத்து கடைசில யாரு ஜெயிச்சா? அதுக்குள்ள எங்களுக்குக் கரண்டு போயிருச்சு" என்று கேட்டபோதுதான் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது.

இனி அந்தச் சனிக்கிழமை. தொண்ணூறுகளின் தொடக்கம். நான் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிகளுக்கிடையிலான இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில் நடந்தது. சவுக்குக் கம்பும் பலகையும் கட்டிய கேலரிகளில் இடமில்லாமல் தரையிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாலை நான்கு மணி இருக்கும். கிழக்குச் சுவருக்கு அப்பால் பனியன் துணிக் கழிவை மூட்டை கட்டிவைக்கும் குடோன் ஒன்று இருந்தது. அங்கிருந்து முதலில் ஒரு வாடை வந்தது. பிறகு கறுப்பாகப் புகை எழும்பிச் சுவரைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கியது.

எல்லோரும் வந்தது கிழக்கு கேட் வழியாக. அது குடோனை ஒட்டியே இருந்தது. மேற்கே ஆய்வகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன கேட் உண்டு. அது எப்போதும் பூட்டியே கிடக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் அதில் நுழைய முடியும்.

பொன்னுசாமி சார் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எங்கள் மேசைக்கு ஓடிவந்தார். "டீச்சர், ஒண்ணும் இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க. தீன்னு கேட்டா ஒருத்தர ஒருத்தர் மிதிச்சுப் போட்டுருவாங்க" என்றார்.

"வேண்டாமுங்க சார். பொகைய அவங்களே பார்க்கறாங்க. இப்பப் பொய் சொன்னா, அப்புறம் நாம சொல்ற எதையும் கேக்க மாட்டாங்க. நீங்க போயி மேக்கால கேட்டைத் தொறங்க."

அவர் சாவியோடு ஓடினார். டீச்சர் மதிப்பெண் தாளின் பின்பக்கம் எழுதி என் முன்னால் தள்ளினார். 'பக்கத்துக் குடோனில் தீப்பிடித்திருக்கிறது. பள்ளிக்குள் தீ இல்லை. யாரும் கிழக்கு கேட்டுக்குப் போகாதீர்கள்.'

"டீச்சர், என்னால முடியாதுங்க" என்றேன்.

"பயமா இருக்குதா?"

"ஆமாங்க டீச்சர்."

"எனக்கும்தான். படி."

படித்தேன். மேற்கு கேட் திறந்ததும் அடுத்த சீட்டு. 'தரையில் இருப்பவர்கள் முதலில். குழந்தைகளைத் தூக்கிக்கொள்ளுங்கள். கேலரியில் இருப்பவர்கள் உட்கார்ந்தே இருங்கள், உங்களைக் கூப்பிடுவோம்.' அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இன்றும் என்னால் அதை நம்ப முடிவதில்லை. நடுவில் மின்சாரம் போய் மைக் செத்தது. யாரோ ஒரு பெண் வீறிட்டாள். வடக்கு கேலரியில் ஆட்கள் எழுந்தார்கள். பலகைகள் கிறீச்சிட்டன. மைக் செட்காரர் வயரைப் பிடுங்கி பேட்டரியில் மாட்டுவதற்குள் என் உயிர் போய் வந்தது. குழாய் மறுபடி கரகரத்ததும் நான் முதலில் சொன்னது, "இருக்கோம், இங்கயேதான் இருக்கோம்." அது சீட்டில் இல்லை. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த சீட்டுகளில் எழுத்து கோணலாகிக்கொண்டே போனது. கடைசிச் சீட்டில் வெறும் கிறுக்கல்தான். திரும்பிப் பார்த்தேன். டீச்சருடைய கை எழுதிக்கொண்டிருந்தது. கண் கிழக்குச் சுவரில் இருந்தது. மீதி வரிசைகளை நானே கூப்பிட்டேன். கேட்டருகே ஒரு பெரியவர் விழுந்து கால் முறிந்தது. மற்றவர்கள் எல்லோரும் முழுதாக வெளியே போனார்கள்.

மைதானம் காலியானதும் பொன்னுசாமி சார் வந்து, டீச்சர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "உங்கண்ணன வெளிய கொண்டாந்துட்டாங்களாமுங்க. உசுருக்கு ஒண்ணுமில்லீங்க. கை ரெண்டும்தான் வெந்துபோச்சு."

அந்தக் குடோன் டீச்சருடைய அண்ணன் இஸ்மாயில் என்பவருடையது. சனிக்கிழமை மாலைகளில் அவர் அங்கேதான் இருப்பார். புகை எழும்பிய முதல் நிமிடத்திலிருந்தே டீச்சருக்கு அது தெரியும். எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பள்ளியில் பாராட்டு விழா வைத்தார்கள். சொந்த அண்ணன் தீக்குள் இருந்தும் கடமையை விட்டு எழாதவர் என்று ஒவ்வொருவரும் பேசினார்கள். டீச்சர் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். இஸ்மாயில் பாய்க்கு விரல்கள் மடங்காமலே போயின. அதன்பின் வெகுகாலம் அவர் தங்கை வீட்டுப் படி ஏறவில்லை. "செவுத்துக்கு அந்தப் பக்கம்தான் இருந்தா. ஒரு எட்டு வந்து பார்க்கலை" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். டீச்சர் அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் புதிதாக ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து மேசையில் உட்காரவைத்தார்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். படுக்கையில் இருந்தார். இத்தனை வருடமாகக் கேட்கப் பயந்ததைக் கேட்டேன். "டீச்சர், அன்னிக்கு எப்படிங்க எந்திரிக்காம இருந்தீங்க?"

"எந்திரிக்கத்தான் பார்த்தேன் கண்ணு. ரெண்டு தடவ பார்த்தேன். கால் வரல. இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. கை மட்டுந்தான் அசைஞ்சுது. அதனால எழுதினேன். எல்லாரும் தைரியம்னாங்க. சால்வை போடறப்பவே சொல்லியிருக்கணும். வெக்கமாப் போச்சு."

"அண்ணன்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னேன், ரொம்பப் பிந்தி. அவரு கண்ண மூடி மௌத்தாகறதுக்கு முந்தின வருஷம். 'அடப் பைத்தியக்காரப் புள்ள, இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் கோவிச்சிருக்கவே மாட்டனே'ன்னாரு. அப்புறம் அந்தக் கையாலயே என் தலையத் தடவினாரு."

தெருமுனையில் நின்றவர்கள் அன்றும் அவருடைய தைரியத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அவர்கள் அதை வைத்துக்கொள்ளட்டும். நான் வைத்துக்கொள்வது வேறு. எழ முடியாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே அத்தனை பேரை வீடு சேர்த்த, பிறகு அந்த உண்மையை சொந்த அண்ணனிடம் சொல்ல இருபது வருடம் பயந்த, கடைசியில் சொல்லியும்விட்ட ஜமீலா டீச்சரை நான் வைத்துக்கொள்கிறேன்.