தொட்டால் படமெடுக்கும் கேமராவோடு திருவண்ணாமலைக்கு

காலை 5.10. கிளாம்பாக்கத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் கைப்பை, கைப்பைக்குள் ஒரு பருத்தித் துண்டு, துண்டுக்குள் கேமரா. கேமரா என்னுடையது அல்ல. ஒரு மாதப் பத்திரிகைக்குப் புதுக் கேமராக்களைப் பரிசோதித்து எழுதுவது என் உபதொழில். நிறுவனம் பத்து நாளைக்கு இரவல் கொடுக்கும்; நல்லது கெட்டது எழுதிவிட்டு அலுங்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த முறை வந்தது சட்டைப் பையில் அடங்கும் உயர் ரகம். எடை முந்நூறு கிராம், விலை 79,990 ரூபாய். கல்யாண வீட்டில் இரவல் நகை போட்டவள் கழுத்தைத் தடவிக்கொண்டே இருப்பது போல, செங்கல்பட்டு வருவதற்குள் பையை நாலு முறை தடவிப் பார்த்துவிட்டேன்.

இந்தக் கேமராவின் பெருமையே அதன் தொடுதிரைதான். பின்பக்கத் திரையில் எந்த இடத்தில் விரல் வைக்கிறோமோ அந்த இடத்தைத் தெளிவாக்கி, அந்தக் கணமே படமும் எடுத்துவிடும். பொத்தானைத் தேட வேண்டாம். இது எதிர்வெயிலில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க எனக்கு ஒரு மலை வேண்டியிருந்தது. பௌர்ணமிக்கு மறுநாளாகத் தேர்ந்தெடுத்தேன். கிரிவலக் கூட்டத்தில் இடிபட எனக்கு உடம்பில் தெம்பும் இல்லை, அவ்வளவு பக்தியும் இல்லை.

7.05. திண்டிவனம். பேருந்து பத்து நிமிடம் நின்றது. நடைபாதைக்கு அந்தப் பக்கத்து இருக்கையில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் போண்டா தின்றுகொண்டிருந்தார். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஏதோ அரசு அலுவலகத்தில் வேலை என்றார். நான் வெளியே எடுத்த கேமராவைக் கண்டதும் இந்தப் பக்கம் சாய்ந்தார்.

"இது இன்னா மேடம், செல்போன் மாதிரியே இருக்குது? தொட்டா வேலை செய்யுமா?"

"தாராளமா தொட்டுப் பாருங்க சார். தொடறதுக்குத்தானே இருக்கு."

போண்டா எண்ணெய் மினுங்கும் விரலை அவர் திரையில் வைத்தார். முன்சீட்டுக்காரரின் வழுக்கைத் தலை, ஒவ்வொரு வியர்வைத் துளியும் எண்ணிக்கொள்ளும்படி, துல்லியமாகப் பதிவானது. இரண்டு பேரும் சத்தம் வராமல் சிரித்தோம். அவர் மேலும் ஆறேழு முறை தொட்டார். பிறகு நான் திரையைத் துண்டால் துடைத்துவிட்டு நோட்டில் எழுதினேன்: "எண்ணெய்ப் பிசுக்கு இருந்தும் தொடுதிரை தயங்கவில்லை. யார் விரலானாலும் ஒரே மாதிரிப் பணிகிறது." வாக்கியம் நன்றாக விழுந்துவிட்டதென்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

கீழ்பென்னாத்தூர் தாண்டி, நிலக்கடலைக் கொல்லைகளுக்கு அப்பால் மலை தெரிந்ததும் பேருந்தில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இந்த ஊரில் மலையில் சாமி இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். மலைதான் சாமி. தூரத்திலிருந்து பார்த்தாலும் கும்பிடு போட்டுவிடுவார்கள். ஓட்டுநரும் ஒரு கையை எடுத்துக் கும்பிட்டார். இன்னொரு கையை ஸ்டியரிங்கில் வைத்திருந்ததற்கு நான் நன்றி சொல்லிக்கொண்டேன்.

8.50. திருவண்ணாமலை. பேருந்து நிலையத்துக்கு எதிரே இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, எழுபத்தைந்து ரூபாய். கோபுரத்தை வெளியே நின்று இருபது படம் எடுத்தேன். சுட்டெரிக்கும் வெயிலில் திரை மங்கித்தான் தெரிகிறது. வாங்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெரிதாக்கிப் பார்த்தால் கோபுரத்துப் பொம்மைகளின் மூக்கும் முழியும் சிதையவில்லை. பேட்டரி பாதி நாளுக்கு மேல் தாங்காது போலிருந்தது.

பிறகு ஆட்டோ. அடி அண்ணாமலைக்கு இருநூறு ரூபாய் கேட்டு நூற்றெண்பதுக்கு இறங்கினார் ஓட்டுநர்.

"நேத்து வராம இன்னிக்கு வந்துகிறீங்களே மேடம்."

"கூட்டம் கம்மியா இருக்கும்னுதான்."

"ஜனம் கம்மிதான். குப்பைதான் ஜாஸ்தி."

அவர் சொன்னது சரி. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஓரம் முழுக்கத் தண்ணீர் பாட்டில்கள், பிரசாதத் தொன்னைகள், அறுந்த செருப்புகள். பல இடங்களில் ஆட்கள் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

10.15. அடி அண்ணாமலை. ஊர் மலைக்கு மேற்கே இருப்பதால் காலை வெயில் மலைக்குப் பின்னாலிருந்து வரும். எனக்கு வேண்டியது அதுதான். சாலையோரம் நின்று கேமராவை மலைக்கு நேராகப் பிடித்தேன். பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். சேலைக்கு மேல் பச்சைக் கோட்டு, தலையில் துண்டு, நெற்றி நிறைய விபூதி.

"மலைய எடுக்கிறீங்களா மேடம்?"

"ஆமாங்க."

"எங்களயும் தெனம் ஆறு மணிக்கு போட்டோ புடிப்பாங்க. வேலைக்கு வந்தோம்னு காட்டணுமே, அதுக்கு. கையில தொடப்பத்தோட நிக்கணும்." சொல்லிவிட்டுத் தயங்கினார். "தொடப்பம் இல்லாம மலையோட ஒண்ணு எடுத்துத் தரீங்களா? எம் பொண்ணு வேலூர்ல நர்சிங் படிக்குது. செல்போன்ல வைக்க ஒரு போட்டோ அனுப்பும்மான்னு ரொம்ப நாளா கேக்குது. எங்கிட்ட கீறது எல்லாமே தொடப்பத்தோட கீற போட்டோ. ஹாஸ்டல்ல நாலு பேரு பாப்பாங்க இல்ல?"

பெயர் கேட்டேன். அஞ்சலை என்றார். மலையை ஒன்று எடுத்துவிட்டு உங்களை எடுக்கிறேன் என்றேன். அவர் துடைப்பத்தைப் புளியமரத்தில் சாய்த்தார். கோட்டைக் கழற்றி மடித்து மரத்தடியில் வைத்தார். முந்தானையைச் சரிசெய்தபடி என் பக்கத்தில் வந்து திரையைப் பார்த்தார். உள்ளே மலை விளிம்பெல்லாம் வெளிச்சத்தோடு நின்றது.

"அய்ய, அம்மாம் பெரிய மலை இத்துணூண்டா வந்துடுச்சே," என்றார்.

கையை நீட்டினார். சாமி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள நம்மில் யாரும் யோசிப்பதில்லை. கை தானாகப் போகும். காலண்டரானாலும் பஸ் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரானாலும் அப்படித்தான். அஞ்சலையின் இரண்டு விரல்கள் திரையில் மலை உச்சியைத் தொட்டன. கேமரா கிளிக்கென்றது.

"தொடாதீங்க!"

என் குரல்தான். கேமராவை மார்போடு இழுத்துக்கொண்டேன். கண்ணுக்குப் போக வேண்டிய அவர் விரல்கள் பாதியில் நின்றன. பிறகு அவர் அந்தக் கையைச் சேலையில் துடைத்தார். ஒரு முறை அல்ல, மூன்று நான்கு முறை.

"தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். சாமின்னு தொட்டுட்டேன்."

"இல்ல, இது... தொட்டா படம் எடுத்துடும். அதான்."

அவர் தலையை ஆட்டினார். கோட்டை மாட்டினார். துடைப்பத்தை எடுத்தார். "வேலை கெடக்குது மேடம்," என்று சொல்லிவிட்டு ஊர்க் கோவில் பக்கமாகப் பெருக்கிக்கொண்டு போய்விட்டார். படம் எடுத்துத் தருகிறேன் என்று சொன்னவள் நான். கூப்பிடவில்லை.

10.40. நடந்தேன். நடக்க நடக்க நொண்டிச் சாக்குகளாக வந்தன. இரவல் பொருள். எண்பதாயிரம். அவர் கையில் குப்பை. அரை கிலோமீட்டர் வரை அவை தாங்கின. அதற்கப்புறம் போண்டா வந்து குறுக்கே நின்றது. அடையாள அட்டைக்காரரின் எண்ணெய் விரலுக்குத் தாராளமாகத் தொடுங்கள் சார் என்றவளும் நான்தான். நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. அதே கேமரா, அதே விலை, அதே இரவல். மாறியது விரல் மட்டும்தான். அஞ்சலை யார், எந்தத் தெரு என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே என் வாய்க்குத் தெரிந்திருக்கிறது.

அந்தச் சொல்லைத் தெரியாமல் சொன்னேன் என்றும் தப்பிக்க முடியாது. மாதத்தில் மூன்று நாள் அதை வாங்கிக்கொண்டு வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவோரம் எனக்கென்று ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு இருந்தன. தண்ணீர்ப் பானை பக்கம் போனால் "தொடாதே", துவைத்த துணி பக்கம் போனால் "தொடாதே". அதை எதிர்த்து இதே பத்திரிகையில் காரசாரமாகக் கட்டுரை எழுதி, வாசகர் கடிதங்களில் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். ஊருக்கடி உபதேசம் என்பதை எனக்காகவே சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தச் சாலையில் எனக்கு என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

11.30. திரும்பி நடந்தேன். அஞ்சலை கோவிலுக்கு எதிரே டீக்கடைப் பெஞ்சின் ஓரம் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றது என்னை இன்னும் கொஞ்சம் குறுக்கியது.

"அப்ப வெடுக்குனு சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க," என்றேன்.

"வுடுங்க மேடம். அம்மாம் வெலை பொருளு. ஒடஞ்சா யாரு குடுக்கறது?"

நான் அரை கிலோமீட்டர் தேடித்தேடிச் சொல்லிக்கொண்ட சாக்கை அவரே எடுத்து என் கையில் கொடுத்தார்.

"போட்டோ எடுக்கலாம், வாங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். மகள் நினைவு வந்திருக்கும். கடைக்குப் பின்னாலிருந்த குழாயில் முகம் கழுவினார். கடைக்காரரிடம் சோப்பு வாங்கிக் கை கழுவினார். முழங்கை வரை, நகக்கண் உட்பட, மெதுவாக. நான் பார்க்காதது போல நின்றேன்.

மலை தெரியும் இடத்தில் போய் நின்றோம். இந்தக் கேமராவில் திரையை மேலே மடக்கினால் எதிரே நிற்பவருக்குத் தன் முகம் தெரியும். அவரே தொட்டு எடுத்துக்கொள்ளலாம். மடக்கி அவரிடம் நீட்டினேன்.

"நீங்களே தொட்டு எடுங்க."

"வேணாம் மேடம். நீங்களே எடுங்க."

"பரவாயில்ல, தொடுங்க. சும்மா தொடுங்க."

"கை அழுக்கா கீது மேடம்," என்றார். கையில் சோப்பு வாசனை வீசிக்கொண்டிருந்தது.

இன்னும் இரண்டு முறை வற்புறுத்தினேன். மூன்றாவது முறைதான் புரிந்தது, நான் கேட்பது அவருக்காக அல்ல என்று. அவர் தொட்டால் என் கணக்கு நேராகிவிடும், நான் நிம்மதியாக ஊர் போய்ச் சேரலாம். அதற்கு அவர் விரல் வேண்டியிருந்தது எனக்கு. நிறுத்திக்கொண்டேன்.

நானே எடுத்தேன். எதிர்வெயிலில் அவர் முகம் கறுத்து விழுந்தது. திரையில் அவர் முகத்தைத் தொட்டேன். முகம் தெளிந்தது, மலை வெளுத்து மறைந்தது. மலையைத் தொட்டால் முகம் போனது. கடைசியில் சின்ன ஃபிளாஷை எழுப்பி எடுத்ததில் இரண்டும் வந்தன. கண்ணாடித் திரையில் ஒருவர் முகத்தைத் தொடுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

அவர் தன் எண்ணைச் சொன்னார். படத்தைக் கேமராவிலிருந்து என் செல்போனுக்கு மாற்றி அவருக்கு அனுப்பினேன்; மொத்தம் நாற்பது வினாடி. வந்துவிட்டதா என்று அவர் தன் செல்போனை எடுத்துப் பார்த்தார். கீறல் விழுந்த அந்தத் திரையில் அவர் விரல் என்னுடையதைவிட வேகமாக ஓடியது.

"வந்துடுச்சு மேடம். போயிட்டு வாங்க," என்றார்.

2.15. திரும்பும் பேருந்து. அன்று எடுத்த படங்கள் நூற்று அறுபத்திரண்டையும் வரிசையாகப் பார்த்தேன். மலையை மட்டும் முப்பது முறை எடுத்திருக்கிறேன். நன்றாக வந்திருப்பது ஒன்றே ஒன்று. உச்சியில் பாறை பாறையாகத் தெரிகிறது, விளிம்பில் வெளிச்சம் வழிகிறது, வானம் வெளுக்கவில்லை. நேரத்தைப் பார்த்தேன். 10.22. அஞ்சலையின் விரல் பட்ட படம். பத்திரிகையின் முழுப்பக்கத்துக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும், எடுத்தவர் பெயர் அஞ்சலை என்று போட்டு. அவரிடம் கேட்காமல் அதையும் செய்யக் கூடாது.

நோட்டைத் திறந்தேன். "யார் விரலானாலும் ஒரே மாதிரிப் பணிகிறது" என்ற வரி அப்படியே இருந்தது. அடிக்கப் பேனாவை எடுத்தேன். கேமராவைப் பொறுத்தவரை அது உண்மைதான். விட்டுவிட்டேன்.

செஞ்சி தாண்டும்போது அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது. பின்னால் துடைப்பம் சாலையைத் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"போட்டோ நல்லா கீது மேடம். பொண்ணு பாத்துட்டு உடனே செல்போன்ல வச்சிடுச்சு. கைய இன்னாத்துக்கும்மா பின்னால மறச்சினு நிக்கிறன்னு கேக்குது. சாமிக்கு மரியாதைன்னு சொல்லிட்டேன்."

படத்தைத் திறந்து பார்த்தேன். முகத்தையும் மலையையும் சேர்த்துக் கொண்டுவரும் மும்முரத்தில் நான் கவனிக்கவே இல்லை. அஞ்சலை நிமிர்ந்து நிற்கிறார், லேசாகச் சிரிக்கிறார், கழுவிய இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் இருக்கின்றன.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் தோழி ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்து, ஏன் கொல்லைக் கதவோரம் தனியாக உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டாள். காய்ச்சல் என்று சொன்னேன். என்னைத் தொடாதே என்றவர்களை அன்று நானும் காட்டிக்கொடுக்கவில்லை.