மூன்று மணி நாடகம்

எங்கள் பல்கலைக்கழக அரங்கின் வருடாந்த நாடக விழாவைப் பதினொரு வருடமாக நான்தான் இழுத்துக்கொண்டு போகிறேன். விழா என்று பெயர்தான். நான்கு வாரம், நான்கு நாடகம், ஒழுகும் கூரை, ஒரு கையெழுத்துக்காக நான் ஏறி இறங்கும் கந்தோர்கள். ஒவ்வொரு முறையும் இதோடு சரி என்று வீட்டில் சொல்வேன். இப்போது அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

போன வருடம் தமிழ் நாடகத்தை மட்டும் பின்னேரம் மூன்று மணிக்கு வைத்தேன். காரணம் ஒரு மாணவி. மடுல்கெல்லைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, கடைசி வருடம். நான்கு வருடமாக நடிக்கிறாள்; அவளுடைய அம்மா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆறரைக்குத் தொடங்கும் நாடகத்தைப் பார்த்துவிட்டு அந்த மலைக்குத் திரும்ப பஸ் கிடையாது. "மூணு மணின்னா அம்மா வந்துருவாங்க சேர்" என்றாள். நாடகம் ஒன்றரை மணித்தியாலம். ஐந்து மணிக்குப் புறப்பட்டால் கண்டியில் கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

அம்மா இரண்டு மணிக்கே வந்துவிட்டார். அன்றைக்குக் கொழுந்து பறிக்கப் போகவில்லை. மூன்றாவது வரிசையில் ஓரக் கதிரையில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணியானது. பிரதம அதிதியைக் காணவில்லை. எங்கள் ஊரில் பிரதம அதிதி வந்து குத்துவிளக்கு ஏற்றாமல் எதுவுமே தொடங்காது, செத்த வீட்டைத் தவிர. போன் எடுத்தால் "வந்துகொண்டே இருக்கிறேன்" என்கிறார். மேடைப் பொறுப்பிலிருந்த யாழ்ப்பாணத்துப் பெடியன் மூன்று தரம் வந்து கேட்டான்.

"சேர், தொடங்குவமோ? அவர் வந்த பிறகு இடையில நிப்பாட்டி விளக்கேத்தலாம்."

"கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

தொடங்கச் சொல்ல எனக்கு அதிகாரம் இருந்தது. பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. பெரிய மனிதரை மதிக்கவில்லை என்று பேச்சு வரும். அதற்குப் பதில் சொல்லித் திரிய என் உடம்பில் தெம்பு இல்லை. அவ்வளவுதான்.

நாலரைக்கு வந்தார். குண்டசாலையில் ஒரு கல்யாணமாம். விளக்கு, மாலை, மூன்று பேச்சு. அந்த மூன்றில் ஒன்று என்னுடையது.

திரை விலகும்போது ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. அவள் வருவது மூன்றாவது காட்சியில். ஐந்து ஐந்துக்கு அம்மா எழுந்தார். கதவருகே ஓடிப்போய் மறித்தேன்.

"மகள் இன்னும் கொஞ்ச நேரத்துல மேடைக்கு வந்துருவாங்கம்மா."

"பஸ்ஸ விட்டா போக ஏலாதுங்க ஐயா. சின்னவ வீட்டுல தனியா இருக்கா. நல்லா இருந்துச்சுன்னு அவகிட்ட சொல்லிருங்க."

என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். வெட்கமாக இருந்தது. வாடகைக்கு ஒரு வான் பேசி அதில் அனுப்பியிருக்கலாம் என்பது மறுநாள் காலையில்தான் தோன்றியது.

மேடைக்குப் பின்னால் போனேன். வேஷம் போட்டு நின்றவள், "அம்மா இருக்காங்களா சேர்?" என்று கேட்டாள்.

"இருக்காங்க. மூணாவது வரிசை, ஓரத்துல."

காட்சி முழுவதும் அவள் அந்தப் பக்கம் பார்த்தே நடித்தாள். நான்கு வருடத்தில் அவள் அப்படி நடித்து நான் பார்த்ததில்லை. பிரதம அதிதி எழுந்து நின்று கைதட்டினார். எனக்கு எங்கேயாவது போய்ப் படுத்துவிட்டால் போதும் என்றிருந்தது.

ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா வந்து..." என்று தொடங்கினேன்.

"போயிட்டாங்கன்னு தெரியும் சேர். எங்க ஊரு பஸ் நேரம் எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் அந்தப் பக்கமே பார்த்து நடிச்சீங்க?"

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

"இருக்காங்கன்னு சொன்னீங்களே. உங்களப் பாக்கப் பாவமா இருந்துச்சு சேர்."