பிளாஜெய் தூங்கும் நேரம்

உள்ளூரில் ஐஸ் ஹாக்கி ஆட்டம் என்றால், மதியம் ஒரு மணிக்குக் கோழியும் சோறும் சாப்பிட்டுவிட்டு, முன்வரிசைப் பொய்ப்பல் நான்கையும் கழற்றிக் கண்ணாடி டம்ளரில் போட்டுவிட்டு, கட்டிலின் இடப்பக்கம் போய்ச் சாய்ந்துவிடுவார் பிளாஜெய் குஹாரிக். ஒன்றிலிருந்து மூன்று வரை தூக்கம். இடி விழுந்தாலும் எழமாட்டார் என்று சொல்ல ஆசைதான். ஆனால் குண்டூசி விழுந்தாலே எழுந்துவிடுவார். அதனால் வாக் ஆற்றங்கரையில் இருக்கும் அந்த எட்டு மாடிக் குடியிருப்பில், ஆட்டம் நடக்கும் செவ்வாய் வெள்ளி மதியங்களில் குண்டூசிகூட விழுவதில்லை.

யாரும் போட்ட சட்டமில்லை இது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், அவர் ஊர் அணிக்குத் திரும்பி வந்த புதிதில், அவர் நன்றாகத் தூங்கிய நாளெல்லாம் அணி ஜெயித்ததாக ஒரு பேச்சு கிளம்பியது. அவ்வளவுதான், தூக்கம் ஊர்ப் பொறுப்பாகிவிட்டது. நான்காம் மாடி கேய்ஸா தன் சமையலறை அலமாரியைப் பல வருஷமாக மாட்டிக்கொண்டே இருப்பவர். ஒரு மணி ஆனால் டிரில்லைக் கீழே வைத்துவிடுவார். அணி தோற்ற மறுநாள் காலை படிக்கட்டில் விசாரணையே நடக்கும். நடத்துபவர் இரண்டாம் மாடி ஜெல்மீரா, டவுன் பஸ் ஓட்டுகிற அம்மாள். "நேத்து ரெண்டு மணிக்கு யாரு டிரில்லு போட்டது? மூணுக்கு ஒண்ணுன்னு தோத்துட்டு வந்து நிக்கிறோம்!" என்பார். "நான் இல்லீங்க, நான் தும்மக்கூட இல்லீங்க" என்று கேய்ஸா நழுவுவார்.

ஜெல்மீராவின் கோபத்தில் நியாயம் உண்டு. விடிகாலை ஷிப்டு முடிந்து அவர் வீட்டுக்கு வருவதே ஒரு மணிக்கு. கம்பளத்தைத் தூசி தட்ட அவருக்குக் கிடைக்கும் நேரம் அதுதான். கம்பளம் தட்டுகிற இரும்புச் சட்டமோ, முற்றத்தில், முதல் மாடியிலுள்ள பிளாஜெயின் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே. பதினோரு வருஷமாக அந்த அம்மாள் செவ்வாயும் வெள்ளியும் தூசியோடு குடித்தனம் நடத்தியிருக்கிறார்.

பிளாஜெய் தடுப்பாட்டக்காரர். கோல் போடுகிறவர் அல்ல, போட விடாதவர். எதிரணிக்காரன் ஸ்டிக்கால் ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து வரும்போது அவன் முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்கிப் போகவேண்டும், அதுதான் வேலை. அது அவருக்கு வாய்த்த கதையே வேடிக்கை. ஐந்து வயதில், உறைந்த குளத்தில் குட்டித் தங்கையின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துக்கொண்டே சறுக்கக் கற்றவர். அவள் அழாமல் இருக்க, முகத்தைக் காட்டிக்கொண்டே இழுக்க வேண்டும். ஆறு வயதில் கோச் எல்லாப் பிள்ளைகளையும் பின்னோக்கிப் போகச் சொன்னபோது, மற்றவர்கள் பொத்துப்பொத்தென்று விழ, இவர் மட்டும் மைதானத்தின் மறுகோடிக்கே போய்விட்டார். "எல்லாரும் முன்னேறித்தான் சம்பாதிக்கிறாங்க. நான் இருபது வருஷமா பின்னாடி போயே சம்பாதிச்சிட்டேன்" என்பார், அந்த நான்கு பல் தெரியச் சிரித்து.

பதினைந்து வயதில் விளையாட்டு விடுதி. பதினெட்டில் ஓர் அமெரிக்க அணி, இளம் ஆட்டக்காரர்களைப் பொறுக்கும் தேர்வின் ஏழாம் சுற்றில், அவர் பெயரை எழுதிக்கொண்டது; போனார். பெரிய அணியின் சட்டையை ஒரே ஒரு நாள், பயிற்சியில், போட்டுக்கொண்டார். மிச்ச இரண்டு வருஷமும் சின்ன ஊர் அணிகளில் பஸ் பயணம். பிறகு செக் நாட்டில் மூன்று வருஷம், பின்லாந்தில் நாலு, கஜகஸ்தானில் ஒரு குளிர்காலம். "அங்க குளிரு எப்படின்னா, ஐஸ் மைதானத்துக்குள்ள போனாத்தான் கதகதப்பா இருக்கும்" என்பது அவர் பயணக் கட்டுரை. இருபத்தெட்டில் ஊர் திரும்பினார். இருபத்தோரு சீசனில் முப்பத்தோரு கோல். "நம்ம கோலுக்குள்ள நானே தள்ளினது தனி" என்று அவரே சேர்த்துக்கொள்வார்.

பல் போன கதையும் நல்ல கதைதான். வட்டை உடம்பால் மறிக்கக் குனிந்தார், வாயால் மறித்தார். பல் ஆஸ்பத்திரியில் ரத்தம் துடைத்த உதவியாளர்தான் ப்ரோனியா. "வாயத் திறங்கன்னேன். திறந்த வாய் இன்னும் மூடல" என்பார் அவர், கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்தும்.

ஒரு கிறுக்கு உண்டு மனுஷருக்கு. எங்கே போனாலும் இடப்பக்கம்தான். தடுப்பாட்டக்காரர்கள் ஜோடியாகத்தான் இறங்குவார்கள். இவர் இடது, ஒன்பது வருஷம் வலப்பக்கம் நின்றவர் டிபோர். டிபோர் எங்கே இருக்கிறார் என்று திரும்பிப் பார்த்ததே இல்லையாம். அந்தப் பழக்கத்தில் கட்டிலில் இடது, மேஜையில் இடது, பஸ்ஸில் இடது. தெருவில் ப்ரோனியா தவறி இடப்பக்கம் வந்துவிட்டால், பேசிக்கொண்டே பின்னால் சுற்றி மறுபக்கம் போய்விடுவார். டிபோர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பக்கத்து டவுனில் டைல்ஸ் கடை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு வலப்பக்கம் ஏழு பேர் மாறிவிட்டார்கள். "எல்லாரும் நல்ல பசங்கதான். ஆனா திரும்பித் திரும்பிப் பாக்க வேண்டியிருக்கு" என்பார்.

இந்த வசந்தத்தில் ஊர் அணியின் கோச் அவரைக் கூப்பிட்டுக் காபி வாங்கிக் கொடுத்தார். கோச் காபி வாங்கிக் கொடுத்தால் என்ன சேதி என்று எந்த ஹாக்கிக்காரருக்கும் தெரியும். முப்பத்தொன்பது வயது, இடது முழங்காலில் இரண்டு ஆபரேஷன். "யாருக்காவது அடிபட்டா கண்டிப்பா கூப்பிடறோம், பிளாஜெய்" என்று கைகுலுக்கினார். ஊருக்கே தெரிந்துபோனது. ஆனாலும் மனுஷர் கோடை முழுக்க மணல்மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டு மாடியும் ஏறி இறங்கினார். ஆகஸ்டு கடைசியில் எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு போலந்து அணி கூப்பிட்டது. கீழ்ப்பிரிவு அணி, ஒரு வருஷம், ஒற்றை அறை வீடு தருவார்கள். செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் பதில் வேண்டும். "போறதும் இருக்கறதும் உன் இஷ்டம். உன் முழங்காலையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்றார் ப்ரோனியா.

அந்த வெள்ளிக்கிழமைதான் ஊர் அணிக்குச் சீசனின் முதல் ஆட்டம். பிளாஜெய் இல்லாத முதல் ஆட்டம். ப்ரோனியா வேலைக்குப் போயிருந்தார். கை பழக்கத்தில் கோழியும் சோறும் சமைத்தது, பல் பழக்கத்தில் டம்ளருக்குப் போனது, அவரும் இடப்பக்கம் போய்ப் படுத்துவிட்டார். தூக்கம் மட்டும் வரவில்லை. போன் மார்புமேல் இருந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது: கட்டிடம் மூச்சுவிடவில்லை. இவர் ஆடப்போவதில்லை என்று முப்பத்திரண்டு வீட்டுக்கும் தெரியும். தெரிந்தும் முதல் சத்தத்தைத் தான் போட ஒருவருக்கும் மனசு வரவில்லை. மேலே டிரில் ஒருமுறை 'ர்ர்' என்றது, உடனே படிக்கட்டில் யாரோ "உஷ்ஷ்!" என்றார்கள், டிரில் செத்தது. பிறகு தொம், தொம் என்று கனமான எதையோ படியில் இழுத்துக்கொண்டு வருகிற சத்தம். வாசல் கதவு திறந்தது. "ஐயையோ, வெள்ளிக்கிழமையாச்சே" என்று ஜெல்மீராவின் குரல், அவரால் முடிந்த அளவு மெதுவாக. கதவு சாத்திக்கொண்டது. அந்த அம்மாள் கம்பளத்தைத் தூக்கிக்கொண்டு, இம்முறை சத்தமே வராமல், மறுபடி மாடி ஏறினார்.

பிளாஜெய்க்குச் சிரிப்பு வந்தது. போலந்திலும் ஒரு மணிக்குப் படுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரன் ஆணி அடித்துக்கொண்டிருப்பான். இங்கே ஒரு கட்டிடமே பதினோரு வருஷம் தன்னைத் தூங்கவைத்திருக்கிறது. இதற்குமேல் ஒரு ஆட்டக்காரனுக்கு என்ன வேண்டும்? போதும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் கொஞ்சம் வலித்தது, நிறைய நிம்மதியாக இருந்தது.

பல்லை மாட்டிக்கொண்டு போன் போட்டார். "ரொம்ப நன்றிங்க. என்னால வர முடியாது... இல்லங்க, வேற அணி இல்ல. வீட்ல வேலை கெடக்கு" என்று சொல்லி வைத்தார்.

படுக்கையறைக் கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டார். தட்டுகிற மட்டை எங்கே இருக்கிறதென்று ப்ரோனியாவுக்குத்தான் தெரியும். மூலையில் கிடந்த பழைய ஹாக்கி மரஸ்டிக்கை எடுத்துக்கொண்டார். முற்றத்துக்கு இறங்கி, இரும்புச் சட்டத்தின் நடுவில் கம்பளத்தை விரித்துப் போட்டு, ஓங்கி ஒரு அடி வைத்தார். எட்டு மாடிக்கும் கேட்டது.

நான்காம் மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. "யாருய்யா அது, அறிவிருக்கா? ஆளு தூங்கற நேர..." என்று தொடங்கிய கேய்ஸா, ஆளைப் பார்த்ததும் வாயைத் திறந்தபடி நின்றார்.

இரண்டாம் மாடியிலிருந்து ஜெல்மீரா எட்டிப் பார்த்தார். "டேய் பிளாஜெய்! மணி ரெண்டுகூட ஆகல. போய்ப் படு!"

"தூக்கம் வரல, ஜெல்மீராம்மா. ஆட்டமும் இல்ல."

"அந்தப் போலந்துக்காரன் கூப்பிட்டானாமே?"

"வரலன்னுட்டேன். இனிமே எங்கயும் ஆட்டம் இல்ல. நீங்க பாட்டுக்குத் தட்டுங்க."

அந்த அம்மாள் ஜன்னலைச் சாத்தினார். மேலே டிரில் 'ர்ர்' என்று அனுமதி கேட்பதுபோல் ஒருமுறை முனகி நின்றது. பிளாஜெய் ஸ்டிக்கை உயர்த்தி ஆட்டினார். அவ்வளவுதான், பல வருஷ அலமாரிக்கும் சேர்த்துவைத்து அலற ஆரம்பித்தது.

வாசல் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு, சிவப்புக் கம்பளம் தோளில் தொங்க, தட்டும் மட்டையோடு ஜெல்மீரா வந்தார். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் பஸ்ஸில் கேட்கிற அதே குரல்.

"இப்படியா நடுவுல போட்டு வைப்பே? தள்ளு."

பிளாஜெய் தன் கம்பளத்தை இடப்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டு, வலது பாதியை அவருக்கு விட்டார். பிறகு, திரும்பிப் பார்க்காமலே, அடிக்க ஆரம்பித்தார்.