வலக்கைத் துவக்கு

என் கணவர் துவாரகனுக்கு வேட்டைப் பைத்தியம் பிடித்தது நாற்பது வயதில். எர்லாங்கன் நகரத்தில் லிஃப்ட் திருத்துகிற மனுஷன். சின்ன வயதிலேயே யாழ்ப்பாணத்திலிருந்து தாயோடு வந்தவர். எங்கள் ஆட்கள் இந்த வயதில் கார் மாற்றுவார்கள், இல்லையென்றால் கோயில் சபையில் சேர்ந்து சண்டை பிடிப்பார்கள். இவர் ஒரு வருடம் குந்தியிருந்து படித்து, சோதனை பாஸ் பண்ணி, வேட்டைத் துப்பாக்கிக்கான அனுமதியோடு வந்து நின்றார்.

வீட்டுக்குள் துவக்கு வருகிறது என்றதும் அவருடைய தாய், என் மாமி குணேஸ்வரி, அதிர்ந்துபோனார். துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தோம் என்று சொல்லிவிட்டுச் சாமியறைக்குள் போனார். எனக்கும் பயம்தான். துவக்கு வைக்கிற இரும்புப் பெட்டி படுக்கையறை மூலையில் வந்து குந்தியது. அதைத் திறக்கிற இலக்கம் பெண்சாதிக்குக்கூடத் தெரியக்கூடாதாம், சட்டம். என் நகைப்பெட்டியைப் பூட்டுகிற திறப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதற்கு ஒரு சட்டமும் இல்லை.

துவக்குத் தெரிவு செய்ய அவர் பட்ட பாடு, என்னைப் பெண் பார்க்கக்கூடப் படவில்லை. கடை கடையாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு குண்டுக்கும் கதவுத் தாழ்ப்பாள் மாதிரிக் கையால் இழுத்துத் தள்ளுகிற வகைதான் வேண்டும், அதுதான் குறி தப்பாது என்றார். எந்தக் கைக்காரர் என்று கடைக்காரர் கேட்க, வலக்கை என்றார். சோறு, பேனா, சுத்தியல் எல்லாம் வலக்கைதானே! சூட்டுத்தளத்தில் மணல்மூட்டையில் சாய்த்துவைத்துச் சுட்டபோது, சுட்ட குண்டெல்லாம் ஒரு யூரோ நாணயக் குற்றியின் அகலத்துக்குள் அடங்கின. துளை விழுந்த அந்தக் கடதாசியைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார்.

மே மாதம் லோமான் என்ற விவசாயியின் காட்டில் முதல் மானைச் சுட்டார். குண்டு பிழையான இடத்தில் பட்டது. மான் காயத்தோடு ஓடிவிட்டது. இருட்டிவிட்டதால் மறுநாள் காலை நாயை விட்டுத்தான் தேடினார்கள். கண்டுபிடித்தபோது அதற்கு இன்னும் உயிர் இருந்தது. லோமான் அதை முடித்துவிட்டு, இன்னொருமுறை இப்படி நடந்தால் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படியில் இருந்தார். "விடியுமட்டும் அது உயிரோடை கிடந்திருக்கப்பா" என்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு நித்திரையும் இல்லை, நல்ல சாப்பாடும் இல்லை. மறுபடி சூட்டுத்தளத்துக்குப் போய்ப் பார்த்தார். மூட்டையில் வைத்தால் அச்சொட்டாகப் படுகிறது, கையில் தூக்கினால் எங்கேயோ போகிறது. துவக்கு நேர், ஆள்தான் கோணல். வேட்டையே வேண்டாம், விடுங்கோ என்று நான் கெஞ்சினேன். விட்டால் அந்த மானின் நினைவு மட்டும்தான் மிஞ்சும் என்றார். இன்னொரு மானையும் இவர் அப்படிக் கிடத்திவிட்டால் இந்த மனுஷன் என்ன ஆவார் என்று எனக்கு அதே யோசனை.

ஒரு சனிக்கிழமை வாசல் மணி அடித்தது. இவர் கதவுத் துளையால் யாரென்று எட்டிப் பார்த்தார். உடுப்புக் கூடையோடு பின்னால் நின்ற நான் அப்போதுதான் கவனித்தேன்.

"இஞ்சேருங்கோ, ஏன் இடக்கண்ணாலை பாக்கிறியள்?"

எல்லாரும் அப்படித்தானே பார்ப்பார்கள் என்றார். நான் வலக்கண்ணால்தான் பார்ப்பேன். பொதி கொண்டுவந்தவன் அலுத்துப் போய்விட்டான். நாங்கள் இருவரும் விளக்குக்கு நேரே பெருவிரலை நீட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவருக்கு இடக்கண்ணால் பார்த்தால்தான் விரல் விளக்கை விட்டு விலகாமல் நின்றது, குறி பிடிக்கிற கண் அதுதான். அவர் இவ்வளவு நாளும் துவக்கை வலத்தோளில் வைத்து, அந்தக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டல்லவா சுட்டிருக்கிறார்!

குசினிக்குள் அடுப்படியில் இருந்து மாமி சொன்னார்: "அவன் பிறவியிலையே இடக்கை. நான்தான் மாத்தினனான்."

சொன்னதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தக் கையில் வேப்பெண்ணெய் பூசினாராம், துணியால் கட்டியும் வைத்தாராம். கால் கழுவுகிற கையால் சோறு தின்றால் சனம் சிரிக்காதா, அந்தக் கையை நீட்டித் திருநீறு வாங்க ஏலுமா என்று கேட்டார். இவருக்கு ஒன்றும் நினைவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் என் அம்மாவும் அதைத்தான் செய்திருப்பார், பிறகு யாரோடு கோபிக்க?

வலக்கைத் துவக்கை விற்றுவிட்டு, இழுக்கிற பிடி இடப்பக்கம் இருக்கிற ஒன்றுக்குக் காத்திருந்தார். அது வந்ததும் திரைச்சீலையை மூடிவிட்டு, குண்டு போடாத வெறும் துவக்கோடு வரவேற்பறையில் இழுத்துத் தள்ளிப் பழகினார். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போவார், வருவார்.

ஓகஸ்டில் லோமான் ஒருமுறை வரச்சொன்னார். இவர் போன பிறகு நான் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு நகத்தைக் கடித்தேன். மாமி சாமியறையை விட்டு வெளியே வரவில்லை. பொழுது சாய்கிற நேரம் இவர் அழைத்தார்.

"விழுந்திட்டுது."

"ஓடேல்லையோ?"

"இல்லையப்பா. நிண்ட இடத்திலையே. அதுக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது." பிறகு அவர் விம்மி அழுவது கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாமி வறுத்த மிளகாய்த்தூள் போட்டு மான் இறைச்சிக் கறி வைத்தார். பரிமாறிவிட்டு இவருக்கு எதிரே அமர்ந்தார்.

"தம்பி, உனக்கு எந்தக் கை சுகமோ அதாலை சாப்பிடு. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

இவர் என்னைப் பார்த்தார். பிறகு இடக்கையைச் சோற்றில் வைத்தார். விரல்கள் கூடவில்லை. சோறு சட்டையில் விழுந்தது, மேசையில் விழுந்தது. திரும்பவும் அள்ளினார், திரும்பவும் சிந்தியது. மாமி எழும்பி வந்து, இவருடைய சாப்பாட்டுக் கோப்பையிலேயே சோற்றையும் கறியையும் குழைத்து, ஒரு கவளம் திரட்டி, மகனின் இடது உள்ளங்கையில் வைத்தார்.